வைரஸ் புகுந்த லேப்டாப் உள்ளே விடவில்லையா? ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடமிருக்காது. சம்பா பயிர்க் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15 வரைதான் தேதி வைப்பார்கள், அதற்குள் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் எடுத்தாக வேண்டும். ஆளாளுக்கு ஒரு பென் டிரைவோடு வருவார்கள், கடையில் இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில் காலையிலிருந்து ராத்திரி வரை அத்தனையும் ஏறி இறங்கும். அதில் ஒன்றில் வைரஸ் இருந்தால் போதும், ஊர் முழுக்கப் போய்விடும். அந்த நாலு வாரமும், அப்புறம் கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட் வைக்கிற மார்ச், ஏப்ரல் மாதங்களும்தான் "லாகின் ஆக மாட்டேங்குது" என்று என்னிடம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அதிகம் பேர் வருகிற காலம்.

நான் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் இல்லை. நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன், தெரிந்தவர்களுக்கு ராத்திரி நேரத்தில் இதைப் பார்த்துக் கொடுக்கிறேன். இதில் இறங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் என் சித்தப்பாவின் லேப்டாப் இப்படித்தான் நின்றுபோனது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தார், சாயங்காலமே புதுசு மாதிரி வாங்கி வந்தார், வீட்டில் வைத்துத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சித்தி இறந்து அப்போது நாலு மாசம். அவர் மார்கழியில் கோயிலில் பாடியதை சித்தப்பா போனில் பதிவு செய்து அந்த லேப்டாப்பில்தான் ஏற்றி வைத்திருந்தார், வேறு எங்கும் இல்லை. கடைக்காரர் வைரஸை எடுக்கத்தான் ஃபார்மட் அடித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று இவர் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. லாகின் ஆகவில்லை என்பதால் ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை, பூட்டு கெட்டுப்போனால் உள்ளே இருக்கிற நெல் மூட்டை எங்கேயும் போய்விடாது. இது அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கீழே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். திரையில் இங்கிலீஷில் வரும் சொற்களை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், போனில் ஒருவருக்குச் சொல்கிற மாதிரி. டைப் அடிக்கும்போது மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

தொடுவதற்கு முன்

வீட்டு வைஃபையை அணையுங்கள், போனில் ஹாட்ஸ்பாட் போட்டிருந்தால் அதையும். லேப்டாப்பில் செருகியிருக்கிற பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிடுங்கள். சார்ஜரை மாட்டுங்கள். கரண்ட் போய்ப் போய் வருகிற மழை நாளில், அதுவும் பேட்டரி செத்த லேப்டாப்பாக இருந்தால், இந்த வேலையை ஆரம்பிக்கவே வேண்டாம், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். பேட்டரி செத்த லேப்டாப்பில் விண்டோஸ் திறந்துகொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று தடவை கரண்ட் போனால் "ஆட்டோமேட்டிக் ரிப்பேர்" என்று ஒரு நீலத் திரை தானாகவே வரும். அதைப் பார்த்து வைரஸ் என்று பதறி வந்தவர்களும் உண்டு.

அடுத்து, எப்படி நிற்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். திரையில் வருவதைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், வீடியோவாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த ஒரு நொடியில் வந்து மறைகிற எழுத்தில்தான் பாதி விஷயம் இருக்கும்.

"பாஸ்வேர்டு தவறு" என்று வந்தால் உடனே வைரஸ் மேல் பழி போடாதீர்கள். கேப்ஸ் லாக் பார்த்தாயிற்றா? லாகின் திரையின் வலது கீழ் மூலையில் மொழி என்ன காட்டுகிறது? தமிழ் கீபோர்டு சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அது தமிழுக்கு மாறி நின்றிருந்தால் சரியான பாஸ்வேர்டு கூடத் தவறாகத்தான் போகும், கறுப்புப் புள்ளியாகத் தெரிவதால் நமக்கு அது தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் ஆகிறவர்கள் போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், மாற்றிய பிறகு ஒருமுறை மட்டும் லேப்டாப்புக்கு நெட் கொடுத்து உள்ளே போக வேண்டியிருக்கும்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, அப்புறம் வெறும் கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும் நின்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்குங்கள். ஓடுகிற நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அதில் "ரன் நியூ டாஸ்க்" கொடுத்து எக்ஸ்ப்ளோரர் என்று அடித்தால் டெஸ்க்டாப் வந்துவிடும். அப்படி வந்தால் வேறு எதையும் நோண்டாமல் முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்.

திரை முழுக்க "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுவிட்டது, இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று அலறினால், கூப்பிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் தன்னுடைய எச்சரிக்கைகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. பெரும்பாலும் அது பிரவுசரை முழுத்திரையாக்கி வைத்த ஒரு பக்கம்தான், எஸ்கேப்பைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தாலோ டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடினாலோ போய்விடும். ஏற்கெனவே கூப்பிட்டுப் பணம் போயிருந்தால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காமல் 1930-க்கு போன் போடுங்கள், சைபர் குற்றங்களுக்கான நாடு தழுவிய உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால்தான் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கிவைக்க வழி இருக்கும்.

இதில் கொடியது ரான்சம்வேர். எல்லா ஃபைல் பெயரின் வாலிலும் புதிதாக ஏதோ எழுத்து ஒட்டியிருக்கும், திறந்தால் திறக்காது, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு சின்னக் கடிதம் கிடக்கும். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் சில பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் ஆரம்பித்த 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளம் இருக்கிறது, கெட்டுப்போன ஃபைல் ஒன்றையும் அந்தக் கடிதத்தையும் அதில் ஏற்றினால் எந்த வகை, அதற்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். இப்போது சாவி இல்லையென்றாலும் அந்த ஃபைல்களை அழிக்காமல் ஒரு டிஸ்கில் போட்டு வையுங்கள், சில வகைகளுக்கு வருஷம் கழித்துச் சாவி வெளியானதுண்டு.

மேலே சொன்னது எதுவும் இல்லாமல், பாஸ்வேர்டு போட்டதும் "வெல்கம்" என்று வந்து, ஒரு நொடி மின்னி, உடனே "சைனிங் அவுட்" என்று போட்டு மறுபடி அதே பாஸ்வேர்டுப் பெட்டிக்கே கொண்டுவந்து விடுகிறதா? இதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன், அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

ஃபைல்களை வெளியே எடுப்பது

எந்த வகையாக இருந்தாலும் சரி, பழுது பார்ப்பதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். விண்டோஸைத் திறக்காமலே ஹார்ட் டிஸ்கைப் படிக்கலாம். அதற்கு 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, ஃபைல்களைப் போட்டுக்கொள்ள வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, வைரஸ் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டர், இவ்வளவு போதும்.

விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட். நல்ல கம்ப்யூட்டரில் அதன் இணையதளத்திலிருந்து ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது அந்த இயங்குதளம் மொத்தமும் அடங்கிய ஒரே ஃபைலை, இறக்குங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி இருக்கும், போன் டேட்டா ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்றிருப்பவர்கள் ஃபைபர் இருக்கிற வீடாகப் பார்த்துப் போய் இறக்கிக்கொள்ளுங்கள். பிறகு ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளால் அதைப் பென் டிரைவில் எழுத வேண்டும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் காலிப் பென் டிரைவாக எடுங்கள்.

அதைப் பழுதான லேப்டாப்பில் செருகி, ஆன் செய்த உடனே, எதிலிருந்து திறக்க வேண்டும் என்று கேட்கிற பூட் மெனுவின் பட்டனைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ இரண்டிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரில் எஃப்12-தான், ஆனால் சில மாடல்களில் பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டும். பட்டியலில் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் மின்ட் அந்தப் பென் டிரைவிலிருந்தே ஓடும், உங்கள் ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதாது. டெஸ்க்டாப்பில் "இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்" என்று ஒரு படம் தெரியும், அதை மட்டும் தொடாதீர்கள். ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கத்தில் உங்கள் ஹார்ட் டிஸ்க் இருக்கும், கிளிக் செய்து உள்ளே போகலாம்.

இந்த இடத்தில் சிலருக்கு 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். அது பிட்லாக்கர் சாவி, பயப்பட வேண்டாம், டிஸ்க் முழுவதும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் ஆகியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். புது விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தாலே பல நேரம் நமக்குத் தெரியாமலே இது போடப்பட்டிருக்கும். போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் சாதனங்கள் பகுதியைப் பார்த்தால் அந்த எண் இருக்கும். இல்லவே இல்லையென்றால் அந்த டிஸ்கை யாராலும் திறக்க முடியாது, எவ்வளவு பெரிய கடையாக இருந்தாலும். அதனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது என்றால், இன்றைக்கே அந்த எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

உள்ளே "யூசர்ஸ்" என்ற ஃபோல்டரில் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். அதில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் எல்லாவற்றையும் வெளி டிஸ்குக்கு நகல் எடுங்கள். இத்தோடு விட்டுவிடாதீர்கள். டேலியில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு டேட்டா ஃபோல்டர் டெஸ்க்டாப்பில் இருக்காது, வேறு இடத்தில்தான் இருக்கும், "டேட்டா" என்று தேடிப் பார்த்து எடுக்க வேண்டும். எங்கள் ஆலைக் கணக்கே ஒருமுறை இப்படித்தான் தப்பியது. தமிழில் டைப் அடிப்பவர்களுக்கு இன்னொன்று: பாமினி, வானவில் அவ்வையார் மாதிரிப் பழைய எழுத்துருக்களில் அடித்த கல்யாணப் பத்திரிகை, மனு, பத்திரம் எல்லாம், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் "ஃபான்ட்ஸ்" என்று இருக்கும், அதையும் முழுசாக நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டு, பத்து வருஷ வேலை கையில் இருந்தும் படிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு டிடிபி அக்காவைப் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ஈ என்று முடிகிற எதையும் எடுக்காதீர்கள், இன்ஸ்டால் செய்கிற ஃபைல்களைப் புதிதாக இறக்கிக்கொள்ளலாம், வைரஸ் பெரும்பாலும் அதில்தான் ஒட்டிக்கொண்டு வரும். பழைய லேப்டாப்பில் 100 ஜிபி நகலாக ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகும், பொறுமையாக விட்டுவிடுங்கள். முடிந்ததும் நாலைந்து போட்டோவையும் ஒரு டாக்குமென்டையும் வெளி டிஸ்கிலிருந்து திறந்து பாருங்கள். திறந்தால் டிஸ்கை உருவி பீரோவில் வையுங்கள். இனி லேப்டாப்புக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை.

இதெல்லாம் உங்களால் முடியாது என்றால் கடையில் கொடுப்பதில் தப்பே இல்லை. "முதல்ல டேட்டாவை எடுத்து என் டிஸ்க்ல போட்டுக் காட்டுங்க, அப்புறம் ஃபார்மட் அடிங்க" என்று சொல்லுங்கள், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி லேப்டாப் மேலேயே ஒட்டிக் கொடுங்கள். நல்ல கடைக்காரர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

உள்ளே விட்டு உடனே வெளியே தள்ளும் லேப்டாப்

போன வருஷம் கார்த்திகையில் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார், நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பதிவு செய்து கொடுக்கிற வேலை, அவர் அப்பாவின் நிலக் காகிதங்கள் எல்லாமே அதில் ஸ்கேன் ஆகி இருந்தன. பென் டிரைவில் வைரஸ் வந்திருக்கிறது, யாரோ சொல்லி ஓர் ஆன்ட்டிவைரஸ் போட்டிருக்கிறார், அது நாலு ஃபைலைப் பிடித்து அழித்துவிட்டு ரீஸ்டார்ட் கேட்டிருக்கிறது, கொடுத்திருக்கிறார். அதிலிருந்து உள்ளே விடவில்லை. வைரஸ் இருந்தபோதாவது லாகின் ஆனது, அதை எடுத்த பிறகுதான் நின்றுவிட்டது என்று அவருக்கு ஒரே ஆதங்கம்.

காரணம் இதுதான். நீங்கள் பாஸ்வேர்டு போட்டதும் விண்டோஸ் "யூசர்இனிட்" என்ற ஒரு சின்ன நிரலைக் கூப்பிடும், அதுதான் உங்கள் டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்து விரிக்கும். எந்த நிரலைக் கூப்பிட வேண்டும் என்பது, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கிற ரிஜிஸ்ட்ரியில் ஒரு வரியாக எழுதியிருக்கும். சில வைரஸ்கள் அந்த வரியில் தன் பெயரை நுழைத்துக்கொள்ளும், இன்னும் சில அந்த நிரலையே எடுத்துவிட்டு அதன் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். ஆன்ட்டிவைரஸ் வந்து வைரஸ் ஃபைலை அழிக்கும்போது அந்த வரியைச் சரி செய்யாமல் விட்டுவிட்டால், விண்டோஸ் இல்லாத ஆளைக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் வரவில்லை என்று உங்களை வெளியே அனுப்பிவிடும். பாஸ்வேர்டில் ஒரு தவறும் இல்லை, அதை எத்தனை தடவை போட்டாலும் இதே கதைதான்.

சரி செய்வது இப்படி. லாகின் திரையில் பவர் படத்தைக் கிளிக் செய்து, ஷிஃப்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரை வரும். அந்த லாகின் திரையே வரவில்லையென்றால், விண்டோஸ் திறக்க ஆரம்பிக்கும்போது பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணையுங்கள், இப்படி மூன்று தடவை செய்தால் அதே நீலத் திரைக்கு வந்துவிடும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போங்கள்.

அங்கே முதலில் சிஸ்டம் ரீஸ்டோரைப் பாருங்கள். வைரஸ் வருவதற்கு முந்தின தேதியில் ஏதாவது இருந்தால் அதைக் கொடுத்துவிடுங்கள், உங்கள் போட்டோ, டாக்குமென்டை அது தொடாது, ரிஜிஸ்ட்ரி, சிஸ்டம் ஃபைல்கள், இன்ஸ்டால் செய்த நிரல்கள் இவற்றைத்தான் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். பத்தில் நாலு பேருக்கு இதிலேயே முடிந்துவிடுகிறது என்று என் அனுபவத்தில் சொல்வேன். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் ஒரு தேதியும் இல்லை.

அப்படியானால் கமாண்ட் பிராம்ப்ட். கறுப்புப் பெட்டி வந்ததும் ரெஜெடிட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். திறக்கிற ஜன்னல் உங்கள் விண்டோஸின் ரிஜிஸ்ட்ரி இல்லை, இந்த நீலத் திரையின் ரிஜிஸ்ட்ரி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து, எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று திரும்பிவிடுவார்கள். உங்களுடையதைத் தனியாக ஏற்ற வேண்டும். இடது பக்கம் எச்கீ லோக்கல் மெஷின் என்பதை ஒருமுறை கிளிக் செய்துவிட்டு, மேலே ஃபைல் மெனுவில் "லோட் ஹைவ்" கொடுங்கள். உங்கள் விண்டோஸ் இருக்கும் டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, கான்ஃபிக் என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய், "சாஃப்ட்வேர்" என்ற பெயரில் வால் எதுவும் இல்லாமல் இருக்கும் ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். இந்த நீலத் திரையில் சி டிரைவ் சில நேரம் டி என்று பெயர் மாறித் தெரியும், விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. பெயர் ஒன்று கேட்கும், ஏதாவது கொடுங்கள், "டெஸ்ட்" என்றே வையுங்கள்.

இப்போது எச்கீ லோக்கல் மெஷினுக்கு அடியில் டெஸ்ட் வந்திருக்கும். அதை விரித்து மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ் என்டி, அதற்குள் கரன்ட்வெர்ஷன், அதற்குள் வின்லாகான். வலது பக்கத்தில் இரண்டு வரிகளை மட்டும் பாருங்கள். "ஷெல்" என்ற வரியில் எக்ஸ்ப்ளோரர் டாட் எக்ஸ்ஈ என்று மட்டும் இருக்க வேண்டும். "யூசர்இனிட்" என்ற வரியில் சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, யூசர்இனிட் டாட் எக்ஸ்ஈ என்ற முழுப் பாதையும், கடைசியில் ஒரு கமாவும் இருக்கும். அந்தக் கமா தவறி விழுந்தது இல்லை, அது அங்கே இருக்க வேண்டியதுதான், அழித்துவிடாதீர்கள். நீலத் திரையில் டிரைவ் பெயர் டி என்று தெரிந்தாலும் இந்த வரியில் சி என்றே இருக்கட்டும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் கமாவுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை, பாதையின் நடுவில்தான் வேலை நடந்திருந்தது. யூசர்இனிட் என்பதில் ஒரே ஒரு எழுத்து மாறி, பார்வைக்கு அதே மாதிரி இருந்தது, இரண்டாவது தடவை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தபோதுதான் அவரே பிடித்தார். அதை இரட்டைக் கிளிக் செய்து, அழித்துவிட்டுச் சரியாக அடித்தோம். உங்களுக்குக் கமாவுக்குப் பின்னால் வேறு ஏதாவது பாதை ஒட்டியிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள், அதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் அந்த ஃபைலைத் தேடி அழிக்க உதவும். அதே கரன்ட்வெர்ஷனுக்குள் "இமேஜ் ஃபைல் எக்ஸிக்யூஷன் ஆப்ஷன்ஸ்" என்று ஒன்று இருக்கும், அதில் யூசர்இனிட் அல்லது எக்ஸ்ப்ளோரர் பெயரில் ஒரு கிளை இருந்து, வலது பக்கம் "டிபக்கர்" என்று ஒரு வரி தெரிந்தால் அதுவும் வைரஸின் வேலைதான், அந்த வரியை அழியுங்கள்.

முடித்ததும் டெஸ்ட் என்ற பெயரைக் கிளிக் செய்து ஃபைல் மெனுவில் "அன்லோட் ஹைவ்" கொடுங்கள், இதை மறக்க வேண்டாம்.

வரி சரியாக இருந்தும் யூசர்இனிட் ஃபைலே சிஸ்டம்32-க்குள் இல்லாமல் போயிருக்கலாம். அதற்கு அதே கறுப்புப் பெட்டியில்: எஸ்எஃப்சி, இடைவெளி, சாய்கோடு, ஒட்டி ஸ்கேன்நவ், இடைவெளி, சாய்கோடு, ஒட்டி ஆஃப்பூட்டிர், சமக்குறி, சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, இடைவெளி, சாய்கோடு, ஒட்டி ஆஃப்வின்டிர், சமக்குறி, சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, விண்டோஸ். டிரைவ் டி என்று தெரிந்தால் இரண்டு இடத்திலும் சி-க்குப் பதில் டி. காணாமல் போன சிஸ்டம் ஃபைல்களை விண்டோஸ் தன்னிடம் இருக்கும் இருப்பிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளும், அரை மணி நேரம் கூட ஆகலாம்.

பெட்டியை மூடி "கன்டினியூ" கொடுத்தோம். வெல்கம் வந்தது, ஒரு நொடி அந்தப் பெண் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார், டெஸ்க்டாப் வந்து நின்றது. அவர் அப்பாவின் காகிதங்கள் அதற்குள் வெளி டிஸ்கிலும் பத்திரமாக இருந்தன.

உள்ளே வந்துவிட்டோம், அப்புறம்?

லாகின் ஆனதும் வேலை முடிந்தது என்று நெட் போட்டு பேங்க் பக்கத்தைத் திறக்காதீர்கள். வைரஸின் மீதி உள்ளே இருக்கலாம். நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கிக் கொண்டுவந்து முழு ஸ்கேன் கொடுங்கள். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், அதனால் பழசை வைத்து ஓட்ட முடியாது. அதோடு விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஸ்கேன் ஆப்ஷன்ஸில் "ஆஃப்லைன் ஸ்கேன்" என்று இருக்கிறது, கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் திறப்பதற்கு முன்னாலேயே தேடும், கால் மணி நேர வேலை.

என் கருத்தைக் கேட்டால், ஒருமுறை சிஸ்டம் ஃபைல் வரைக்கும் வைரஸ் போய்விட்ட லேப்டாப்பை நான் நம்ப மாட்டேன். ஃபைல்கள்தான் வெளியே வந்துவிட்டனவே, இப்போது புதிதாக விண்டோஸ் போடுவதுதான் சரி. அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் செய்தோம், கொள்முதல் அவசரம் முடிந்த பிறகு. நல்ல கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலால் இன்னொரு 8 ஜிபி பென் டிரைவ் தயாரித்து, அதிலிருந்து பூட் செய்து, டிஸ்கின் பழைய பிரிவுகளான பார்ட்டிஷன்களை அழித்துவிட்டுப் போடுங்கள். ஒரிஜினல் விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் சாவி எண் கேட்கும் இடத்தில் "இல்லை" என்று தாண்டிப் போகலாம், நெட் கொடுத்ததும் அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த ஆபீஸ் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், வைரஸ் வருகிற வாசல்களில் பென் டிரைவுக்கு அடுத்தது அதுதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பள்ளியிலும் கல்லூரியிலும் அரசு கொடுத்த பழைய லேப்டாப்களில் பல விண்டோஸ் 11-ஐ ஏற்காது, அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். அப்படிப்பட்ட லேப்டாப்பில் அந்த லினக்ஸ் மின்டையே போட்டுவிடலாம். பிரவுசர், தமிழ் டைப்பிங், பிடிஎஃப், லிப்ரே ஆபீஸ் எல்லாம் ஓடும், டேலி மட்டும் ஓடாது. என் அத்தை மகன் இரண்டு வருஷமாக அதில்தான் படிக்கிறான்.

பாஸ்வேர்டுகளை போனிலிருந்து மாற்றுங்கள், முதலில் ஜிமெயில், அடுத்து பேங்க், அப்புறம் மற்றவை. ஜிமெயிலில் எந்தெந்தச் சாதனத்தில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியல் இருக்கும், தெரியாத பெயர் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

கடைசியாக அந்தப் பென் டிரைவ். எல்லா ஃபைலும் குட்டி அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாகத் தெரிகிறது, கிளிக் செய்தால் வைரஸ் ஓடுகிறது, இதுதான் பழைய வியாதி. உண்மையான ஃபைல்கள் மறைத்து வைக்கப்பட்டிருக்கும், அழிந்திருக்காது. ஷார்ட்கட் எதையும் கிளிக் செய்யாமல், லினக்ஸ் மின்ட் பென் டிரைவிலிருந்து பூட் செய்த நிலையில் இதைச் செருகுங்கள், அந்த விண்டோஸ் வைரஸ் அதில் தானாக ஓடாது. மறைந்த ஃபைல்களைக் காட்ட கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அமுக்குங்கள். பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் கிடக்கும் பல நேரம். வேண்டியதை வெளி டிஸ்குக்கு நகல் எடுத்துவிட்டுப் பென் டிரைவை ஃபார்மட் அடியுங்கள். இதை ஃபார்மட் அடிக்கலாம். அடுத்த முறை ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரின்ட் எடுக்கச் சொல்லுங்கள், எங்கள் பக்கம் இப்போது எல்லாக் கடையிலும் வாங்கிக்கொள்கிறார்கள்.